மத்திய அரசின் அதிகாரத்தை எல்லைப்படுத்தும் உறுப்புரை: உதவி தேவை

ஹட்டனில் எங்கள் வாசிப்பு வட்டம் மூன்று மாதங்களாக ஒரு மாதிரி அரசியலமைப்பை வரைந்து வருகிறது. மத்திய அரசின் அதிகாரத்தை எல்லைப்படுத்தும் உறுப்புரையில் வந்து நின்றுவிட்டோம். மாகாண சபைகளை உருவாக்கிய, இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தில், ஒதுக்கிய நிரலின் (மத்திய அரசுக்கென ஒதுக்கிய விடயங்களின் பட்டியலின்) தொடக்கத்திலேயே உள்ள ‘எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை’ என்ற தொடர், மாகாணங்களுக்குக் கொடுத்ததை மீள எடுத்துக்கொள்ள வழிவிடுகிறது என்பதே என் கருத்து. ஆகவே அதை நீக்கிவிட்டு, எஞ்சிய அதிகாரங்களை, அதாவது மத்திய அரசுக்கென வெளிப்படையாகக் கொடுக்காதவற்றை, சுவிட்சர்லாந்து அரசியலமைப்பின் 3ஆவது உறுப்புரையையும் அமெரிக்க அரசியலமைப்பின் 10ஆவது திருத்தத்தையும் பின்பற்றி, மாகாணங்களிடமே விட்டுப் பார்த்தோம். ஆனால் கீழிறங்கிய அதிகாரமும் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தின் வாசலில் நின்றுவிடலாம்: உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளுக்குரிய சட்டத்தின் 33ஆம் பிரிவு, 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்ததைக் கண்டவர்கள் நாங்கள். மத்திக்கு மேற்பார்வை அதிகாரம் கொடுத்து எழுதிய வரைவோ பழைய இடத்துக்கே திரும்பியது.

மத்திய அரசின் கையை மீண்டும் நீளவிடாமல், மாகாணத்துக்குள் சிறுபான்மையாக வாழ்வோரின் உரிமையையும் காக்கும் உறுப்புரையை எவ்வாறு எழுதலாம்?