கயோட்டி வேட்டை: பெட்டியை எங்கே வைப்பது, நாம் எங்கே உட்காருவது?

மேய்ச்சல்நிலம் (சான் ஆஞ்சலோ, டெக்சாஸ்)

பக்கத்துப் பண்ணைக்காரர் வெள்ளாடு வளர்க்கிறார். குட்டி போடுகிற காலத்தில் கயோட்டி (நரி மாதிரியான வட அமெரிக்கக் காட்டுநாய்) அவரைத் தூங்கவிடுவதில்லை. இங்கே கயோட்டிக்குத் தடைக்காலம் கிடையாது. தன் நிலத்தில் சுட எனக்கு அனுமதி தந்திருக்கிறார். மூன்று வாரமாக ஈ-காலரில் (விலங்குகளின் குரலை ஒலிக்கிற மின்கருவி, இனி அதைப் பெட்டி என்றே எழுதுகிறேன்) முயலின் அலறலைப் போட்டுப் பார்க்கிறேன். ஏழு முறை உட்கார்ந்தேன், நான்கு கயோட்டி வந்தன. ஒன்றுகூடச் சுடுகிற மாதிரி நிற்கவில்லை. போன சனிக்கிழமை ஒன்று 180 கெஜத்தில் நின்று மூக்கைத் தூக்கியது. அவ்வளவுதான், வாலைத் தாழ்த்திக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

பெட்டியை எனக்கு நேர் எதிரே, காற்று வருகிற பக்கம் 60 கெஜம் தள்ளி வைக்கிறேன். தவறு எங்கே?

வடகாற்று (டூசான், அரிசோனா)

தவறு அந்த "நேர் எதிரே"யில்தான் இருக்கிறது, நண்பரே. காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, பெட்டி வடக்கே, நீங்கள் தெற்கே. கயோட்டி முயல் கத்துகிற இடத்துக்கு நேராக ஓடிவந்துவிடாது. தெற்கே சுற்றிப் போய், அந்த முயலின் வாடை காற்றில் வருகிறதா என்று பார்க்கும். குட்டியாக இருந்தால் 40 கெஜத்தில் சுற்றும். உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டும். அடிபட்டுத் தேறிய கிழம் 150 கெஜம் தள்ளிச் சுற்றும். அது உங்கள் முதுகுப் பக்கம். முயல் வாடைக்குப் பதில் உங்கள் வாடைதான் அதற்குக் கிடைக்கும்.

பெட்டியை உங்களுக்கு மேற்கே 80 கெஜத்தில் வையுங்கள். நீங்கள் மேற்குப் பார்த்து உட்காருங்கள். காற்று வலது கன்னத்தில் பட வேண்டும். கயோட்டி பெட்டிக்குத் தெற்கே வந்து நிற்கும்போது உங்கள் வாடை அதைத் தொடாமல் உங்களுக்கு நேர் தெற்கே போய்க்கொண்டிருக்கும். மேற்கிலிருந்து வருகிற கயோட்டி உங்கள் வாடைக்கோட்டைத் தொடும் முன் உங்கள் முன்னால் பக்கவாட்டில் நிற்கும்.

முள்காடு (லரேடோ, டெக்சாஸ்)

அது திறந்த பாலைவனத்துக்குச் சரி, அண்ணா. தென் டெக்சாஸுக்கு வந்து பாருங்கள். மெஸ்கீட் என்பது நம் ஊர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. அதோடு சப்பாத்திக்கள்ளி வேறு. 50 கெஜத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பெட்டியை 80 கெஜம் தள்ளி வைத்தால் கயோட்டி பெட்டிக்கு வந்து, பார்த்து, போய்விடும். நமக்கு வந்ததே தெரியாது.

இங்கே பெட்டியை 15, 20 கெஜத்தில் வைப்பேன். ஒரு ஆள் அதன் அருகே. இன்னொரு ஆள் ஷாட்கன்னோடு காற்று போகிற பக்கம், வண்டித்தடத்தின் ஓரம். கயோட்டி சுற்றத்தான் போகிறது என்று தெரிந்த பிறகு, சுற்றுகிற இடத்திலேயே ஆளை வைப்பதை விட்டு எதற்குக் கோணம் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. கயோட்டி மேற்கிலிருந்துதான் வரும் என்று யார் சொன்னது? கிழக்கிலிருந்து வந்தால் உங்கள் வாடைக்குள்தானே முதலில் நுழையும்?

வடகாற்று

நுழையும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பெட்டியை எடுக்க வேண்டும். கயோட்டி பகலில் எங்கே படுத்திருக்கும்? புதர் அடர்ந்த ஓடையில். அந்த ஓடை மேற்கே இருக்கிற மாதிரி, உங்கள் முதுகுப் பக்கம் வெட்டவெளியாகவோ, மாட்டுக்குட்டையின் கரையாகவோ இருக்கிற மாதிரி உட்கார வேண்டும். வெட்டவெளியைத் தாண்டி வர அதற்கு மனம் வராது.

கயோட்டி காற்றுக்குச் சுற்றுவதை நான் மணலில் படித்தேன். இரண்டு வருடம் முன்பு ஜனவரியில், முந்தின நாள் மழை பெய்து ஓடை மணல் ஈரமாக இருந்தது. 20 நிமிடம் உட்கார்ந்தோம், ஒன்றும் வரவில்லை என்று எழுந்தோம். பெட்டியை எடுக்கப் போனால் அதற்குத் தெற்கே 30 கெஜத்தில் புதுத் தடம். சீரான ஓட்டமாக வந்த தடம் ஓரிடத்தில் நெருங்கி, நான்கு காலும் ஒன்றாக ஊன்றி, பிறகு திரும்பியிருந்தது. திரும்பின பிறகு நகம் பதிந்த பள்ளம் ஒவ்வொன்றும் ஆழம். அந்த இடத்தில் நின்று ஒரு சிட்டிகை மணலை விட்டுப் பார்த்தேன், காற்று நாங்கள் இருந்த பக்கமிருந்துதான் வந்தது. காலையில் வண்டியருகே பார்த்த காற்று இல்லை அது. வெயில் ஏறினதும் சரிவில் திரும்பியிருந்தது.

மேய்ச்சல்நிலம்

அப்படியானால் காற்றை எத்தனை முறை பார்ப்பது? நான் வண்டியை விட்டு இறங்கும்போது ஒரு முறைதான் பார்க்கிறேன்.

வடகாற்று

உட்கார்ந்த பிறகும் பார்க்க வேண்டும். எருக்கம்பஞ்சு மாதிரி இங்கே மில்க்வீட் பஞ்சு கிடைக்கும், சட்டைப் பையில் கொஞ்சம் வைத்திருப்பேன். காற்றுப் பார்க்கத் தூவுகிற பவுடர் ஐந்தடியில் மறைந்துவிடும். பஞ்சு கண்ணுக்குத் தெரிந்தபடியே 50 கெஜம் போகும். வழியில் எங்கே வளைகிறது என்பதும் தெரியும்.

மலைச்சரிவு (நியூ மெக்சிகோ)

இரண்டு பேரும் கயோட்டியை மட்டுமே பேசுகிறீர்கள். பாப்கேட் (குட்டை வால் காட்டுப்பூனை) வருகிற நிலமாக இருந்தால் கணக்கே வேறு. அது மூக்கைவிடக் கண்ணையும் காதையும் நம்புகிற பிராணி. பெரும்பாலும் காற்றுக்காகச் சுற்றாது. ஆனால் உங்கள் கை அசைந்தால் பார்த்துவிடும். அதற்குப் பெட்டியைத் தள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு இறகோ துணியோ ஆட வைத்தால் அதன் கண் அங்கேயே இருக்கும். 15 நிமிடத்தில் எழக் கூடாது, முக்கால் மணி நேரமாவது இருக்க வேண்டும்.

அப்புறம், முள்காடு சொன்ன அந்த இரண்டாவது ஆள் விஷயம் எனக்குப் பயமாக இருக்கிறது. அடர்ந்த புதரில் ஒருவர் ரைஃபிளோடும் ஒருவர் 50 கெஜம் தள்ளி ஷாட்கன்னோடும் இருக்கிறார்கள், நடுவே கயோட்டி ஓடுகிறது. யார் எந்தப் பக்கம் சுடுவார்?

முள்காடு

நியாயமான கேள்வி. நாங்கள் உட்காரும் முன்பே பிரித்துக்கொள்வோம். தடத்துக்கு இந்தப் பக்கம் என்னுடையது, அந்தப் பக்கம் அவனுடையது. கோட்டைத் தாண்டினால் கயோட்டி காலடியில் நின்றாலும் சுடுவதில்லை. ஒருவர் இருக்கிற இடம் மற்றவருக்குத் தெரியாமல் பெட்டியைத் தட்டுவதே இல்லை. இருவர் தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி. கயோட்டிக்கு அந்த நிறம் நமக்குத் தெரிகிற மாதிரி தெரியாது.

மலைச்சரிவு

பொது நிலத்தில் இன்னும் கவனம் வேண்டும். முயல் அலறலைக் கேட்டு இன்னொரு வேட்டைக்காரரும் வருவார். பெட்டி உங்கள் காலடியில் இருந்தால் அவர் துப்பாக்கி திரும்புவது உங்கள் மேல். பெட்டியைத் தள்ளி வைப்பதற்கு எனக்கு இதுவே முதல் காரணம், காற்று இரண்டாவதுதான்.

முள்காடு

தனியார் நிலத்தில், வேலிக்குள், நான் அப்படி யோசித்ததில்லை. ஆனாலும் முள்காட்டில் 80 கெஜம் என்பதை ஏற்க மாட்டேன்.

வடகாற்று

பார்வை எட்டுகிற தூரத்தில் பாதி என்று வைத்துக்கொள்வோமா? உங்களுக்கு 25, எனக்கு 80. பக்கவாட்டில் வைப்பதை மட்டும் விடாதீர்கள்.

முள்காடு

25 என்றால் சரி. பக்கவாட்டை ஒருமுறை முயன்று பார்க்கிறேன்.

மேய்ச்சல்நிலம்

எல்லோருக்கும் நன்றி. நாளைக் காலை வடமேற்குக் காற்று என்று போட்டிருக்கிறது. ஓடை நிலத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது, வடகிழக்கே வெட்டவெளி. முதுகை வெட்டவெளிக்குக் காட்டி, ஒரு மெஸ்கீட்டின் முன்னால் நிழலில் தென்மேற்குப் பார்த்து உட்காரப் போகிறேன். பெட்டி எனக்கும் ஓடைக்கும் நடுவே 70 கெஜத்தில். காற்று வலது கன்னத்தில்தான் வரும். வெயிலும் முதுகுப் பக்கம். என் மச்சான் கூட வருகிறான். அவனை எனக்கு இடது பக்கம் உட்கார வைக்கலாமா, அல்லது அவன் வாடை காரியத்தைக் கெடுக்குமா?

வடகாற்று

இடது பக்கம் வேண்டாம், கயோட்டி நிற்கப் போவதே அங்கேதான். உங்களோடு ஒரே மரத்தடியில், தோளோடு தோளாக உட்காரட்டும். வண்டியை மேட்டுக்கு அந்தப் பக்கம் கால் மைலாவது தள்ளி நிறுத்துங்கள், கதவை அடித்துச் சாத்தாதீர்கள். பெட்டியை வைக்கப் போகும்போது அந்த இடத்தைத் தாண்டி ஓடைப் பக்கம் நடக்காதீர்கள்.