8 வயது மகளுக்கு இப்போதே கிளிப் போட வேண்டுமா, 12 வயதுவரை காத்திருக்கலாமா?

கேள்வி: திருச்சியிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 8 வயது நடக்கிறது. மேல் முன்பற்கள் நான்கும் நிலைப் பற்களாக முளைத்துவிட்டன. பக்கத்தில் இருப்பவை இன்னும் பால் பற்களே. முன்பற்கள் நன்றாக எடுப்பாக இருப்பதால் உதடுகள் இயல்பாகச் சேர்வதில்லை. கீழுதடு மேல் பற்களுக்குப் பின்னால் போய் அமர்ந்துகொள்கிறது. நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சிறிது இடைவெளியும் உண்டு. முதலில் பார்த்த மருத்துவர், இப்போதே கழற்றி மாட்டும் கருவி கொடுத்துக் கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு, 12 வயதுக்கு மேல் கம்பி போட்டு முடிக்கலாம் என்றார். இரண்டாவதாக நாங்கள் கருத்துக் கேட்டவரோ, இப்போது எதுவும் வேண்டாம், நிலைப் பற்கள் முளைத்து முடியும் பருவத்தில் ஒரே தடவையில் முழுச் சிகிச்சையும் செய்துகொள்ளலாம் என்கிறார். இருவருமே பொறுமையாக விளக்கினார்கள் என்பதால், யார் சொல்வதை ஏற்பது என்ற குழப்பம் எங்களுக்குக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். எனக்கு 38 வயது. கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்திருக்கின்றன. இந்த வயதில் கம்பி போட்டால் பல் ஆடிப்போய்விடும் என்று உறவினர்கள் சொல்வது உண்மையா?

மறுமொழி: பல் சீரமைப்பு மருத்துவர், சென்னை

சகோதரிக்கு வணக்கம். குழந்தையை நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மருத்துவர்களும் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதை விளக்க முடியும், ஏனெனில் எங்கள் துறையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட கேள்விகளுள் இதுவும் ஒன்று.

நீங்கள் விவரிப்பது, கீழ்த்தாடை பின்தங்கி மேல் பற்கள் முன்தள்ளி நிற்கும் நிலையாகத் தெரிகிறது. அமெரிக்காவில் வட கரோலினா, புளோரிடா பல்கலைக்கழகங்களிலும், இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஆய்வாளர்களின் தலைமையிலும், இத்தகைய குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குப் பால் பற்கள் இருக்கும்போதே சிகிச்சையைத் தொடங்கி, மற்றவர்களுக்கு வளரிளம் பருவத்தில் மட்டும் சிகிச்சை அளித்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் கட்டம் முடிந்தபோது முன்கூட்டித் தொடங்கிய பிள்ளைகளிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் எல்லோரும் கம்பிச் சிகிச்சையையும் முடித்த பிறகு ஒப்பிட்டால், தாடையின் அமைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் எஞ்சவில்லை. மான்செஸ்டர் குழு 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு கட்டமாகச் செய்துகொண்டவர்களுக்கு மருத்துவமனைக்கு வரும் தடவைகளும் காலமும் செலவும் கூடின. பற்கள் இறுதியில் பொருந்திய தரமும் சற்றுக் குறைவாகவே இருந்தது. உங்கள் இரண்டாவது மருத்துவர் இந்தச் சான்றுகளை மனத்தில் வைத்தே பேசியிருப்பார்.

முதல் மருத்துவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மீளாய்வு 2007-இல் வெளிவந்து 2013-இலும் 2018-இலும் புதுப்பிக்கப்பட்டது. முன்கூட்டிய சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு முன்பற்களில் அடிபடுவது குறைகிறது என்ற ஒரு நன்மையை அது சுட்டிக்காட்டுகிறது. அந்த நன்மையை நான் சிறியதாக எண்ணுவதில்லை. 9 வயதில் உடையும் முன்பல்லின் வேர் பெரும்பாலும் முழுதாக வளர்ந்து முடிந்திருக்காது. அந்தப் பல்லைக் காப்பாற்றுவது கடினம், காப்பாற்றினாலும் ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டியிருக்கும். எனவே பற்கள் எவ்வளவு முன்தள்ளியிருக்கின்றன என்பதை அளந்து சொல்லச் சொல்லுங்கள். 2, 3 மில்லிமீட்டர் இயல்பு. அதற்கு மேல் போகப் போக அடிபடும் வாய்ப்பும் கூடுகிறது. உதடுகள் மூடாத குழந்தைக்கு உதடு தரும் தடுப்பும் இல்லை.

நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். மேல் கோரைப் பற்கள் 11, 12 வயதில் இறங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே மூடிக்கொள்ளும்.

வயதை மட்டும் வைத்து இப்போதா பிறகா என்று முடிவுசெய்வது சரியன்று. குறை எது என்பதே முக்கியம். மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாகக் கடித்து, அதனால் தாடை ஒரு பக்கம் ஒதுங்குமானால் காத்திருக்கக் கூடாது. கீழ்ப் பற்கள் மேல் பற்களுக்கு முன்னால் கடிப்பதும், நிலைப் பற்கள் முளைத்த பிறகும் தொடரும் விரல் சூப்பும் பழக்கமும் அப்படித்தான். நம் ஊரில் பெற்றோர் மிகவும் அலட்சியப்படுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும்: சொத்தையான பால் கடைவாய்ப் பல்லை, எப்படியும் விழப்போகிற பல்தானே என்று பிடுங்கிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடைசிப் பால் பல் விழ வேண்டிய காலம் 10 வயதுக்கு மேல். அது முன்னதாகப் போய்விட்டால், 6 வயதில் முளைத்த கடைவாய்ப் பல் முன்னோக்கி நகர்ந்து, அடியில் காத்திருக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தைக் காக்க ஒரு வளையமும் கம்பியும் வைத்தால் போதும். பின்னாளில் இரண்டு பற்களைப் பிடுங்கிக் கம்பி போடும் நிலையைக்கூட அந்தச் சிறிய கருவி சிலருக்குத் தவிர்த்துவிடுகிறது.

மறுமொழி: கோவையிலிருந்து ஒரு தந்தை

மருத்துவர் குறிப்பிட்ட, கீழ்ப் பற்கள் முன்னால் கடிக்கும் குறை என் மகனுக்கு இருந்தது. அவனுக்கு 8 வயதிலேயே மேல் அண்ணத்தில் விரிக்கும் கருவியைப் பொருத்தி, நெற்றியிலும் முகவாயிலும் தாங்கும் முகக் கவசம் ஒன்றை மாலையிலும் இரவிலும் ரப்பர் பட்டைகளோடு மாட்டச் சொன்னார்கள். விரிக்கும் கருவியின் திருகை நாங்களே சிறு சாவியால் திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர்தான் விரியும். ஒரு வாரத்திற்குள் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததைக் கண்டு என் மனைவி பதறிவிட்டார். அண்ணத்தின் நடுக்கோடு திறந்துகொடுப்பதன் அடையாளமே அது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நிம்மதி வந்தது. அந்தக் கோடு வளரிளம் பருவத்தில் இறுகத் தொடங்கிவிடும் என்பதால்தான் அவ்வளவு சீக்கிரம் தொடங்கினார்களாம். ஆகவே சகோதரி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சீக்கிரம் போட்டார்கள் என்றோ தாமதமாகப் போட்டார்கள் என்றோ ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். என் மகனுடைய குறை வேறு, உங்கள் மகளுடைய குறை வேறு.

மறுமொழி: மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் 41 வயதில் கம்பி போட்டுக்கொண்டேன். முதல் நாளே கம்பி ஒட்டவில்லை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் கல்லாகப் படிந்திருந்த காரையை நீக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளந்து, இரத்தக் கசிவு முற்றிலும் நின்ற பிறகே தொடங்கினார்கள். ஈறு நோய் இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு கரைந்து பல் உண்மையிலேயே ஆடிவிடும் என்றும், ஈறு நலமாக இருந்தால் 40 வயதிலும் பல் பத்திரமாக நகரும் என்றும் விளக்கினார்கள். உங்கள் உறவினர்களின் அச்சத்தில் பாதி உண்மை இருப்பது இதனால்தான். நெருக்கம் விலகிய பிறகு ஈறு விளிம்பில் பற்களுக்கு இடையே சிறிய முக்கோண இடைவெளிகள் தெரிகின்றன. இதை முன்பே சொல்லி என்னைத் தயார்படுத்தியதற்கு என் மருத்துவருக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன். கம்பியைக் கழற்றிய பின் பற்களின் உட்புறம் ஒட்டிய மெல்லிய கம்பி இன்றும் இருக்கிறது. எடுத்துவிட்டால் பற்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்பும்.

கேள்வி கேட்ட தாயின் பதில்

மூவருக்கும் மிக்க நன்றி. முதலில் பார்த்த மருத்துவரிடம் இன்று மீண்டும் சென்று அளக்கச் சொன்னேன்: 9 மில்லிமீட்டர். மகள் பள்ளியில் கோ-கோ விளையாடுகிறாள். வகுப்பில் பல்லைச் சொல்லிக் கேலி செய்வதால், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளவும் தொடங்கியிருக்கிறாள். இவற்றையும் கணக்கில் எடுக்கலாமா?

மறுமொழி: பல் சீரமைப்பு மருத்துவர், சென்னை

கட்டாயம் எடுக்க வேண்டும். முன்கூட்டிய சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் தன்மதிப்பு முதல் கட்டத்தின் முடிவில் உயர்ந்திருந்ததாக அதே மான்செஸ்டர் ஆய்வு 2003-இல் தெரிவித்தது. 9 மில்லிமீட்டர், மூடாத உதடு, ஓடி விழக்கூடிய விளையாட்டு, கேலி ஆகிய நான்கும் சேரும்போது, முதல் கட்டத்தை இப்போதே செய்வதன் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் அது 12 வயதுக்கு மேற்பட்ட கம்பிச் சிகிச்சைக்கு மாற்றாகாது என்பதையும், சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுவதும் கருவியை மாட்டினால்தான் பலன் உண்டு என்பதையும் குழந்தையிடமே பேசி, அவள் மனமார ஒப்புக்கொண்டால் மட்டும் தொடங்குங்கள். வற்புறுத்தி மாட்டிய கருவி பெரும்பாலும் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அவள் தயங்கினால், விளையாடும்போது பற்காப்பு உறை அணியச் செய்து, பூப்புக்கு முந்தைய வளர்ச்சி வேகமெடுக்கும் காலம்வரை பொறுத்து, ஒரே தடவையில் செய்துகொண்டாலும் தாடை அமைப்பின் இறுதிப் பலனில் இழப்பு ஒன்றுமில்லை. பெண் குழந்தைகளுக்கு அந்தக் காலம் ஆண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும் என்பதால் ஆறு மாதத்திற்கு ஒருமுறை காட்டிக்கொண்டிருங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், 10 வயதில் மேல் பால் கோரைப் பற்களுக்கு மேலே, உதட்டுப் பக்கத்து ஈறை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருபுறமும் புடைப்பு தென்பட வேண்டும். தென்படாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நிலைக் கோரைப் பல் அண்ணத்தின் பக்கம் திரும்பியிருந்தால், அந்த வயதில் பால் கோரைப் பல்லை எடுத்துவிடுவதாலேயே பலருக்கு அது தன் வழிக்கு வந்துவிடுகிறது.