பவளம் வெளுத்ததா, பட்டதா? சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஊர்ப் பெயரில் ஓட்டுயிர் உண்டு, பக்கத்தில் கடல்தான் இல்லை. ஏர்கோன் பழுதுபார்ப்பது என் தொழில். வீட்டு முன்கூடத்தில் மூன்றடி உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறேன். தமிழ் முறையாகப் படித்தவன் அல்லன். ஒரு சொல்லால் 180 வெள்ளி (ரிங்கிட்) போனவன், அதனால் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுவிட்டது. (ஊர் ஏர்கோனெல்லாம் பார்ப்பவன் வீட்டில். சிரித்துக்கொள்ளுங்கள்.) மறுநாள் மாலை வெளியூரிலிருந்து திரும்பினால், 26 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் 31-இல் நிற்கிறது. மூன்றாம் நாள் ஹேமர் பவளம் வெள்ளைவெளேர். வாங்கிய கடைக்குப் போன் போட்டு, “அண்ணே, வெளுத்துப்போச்சு” என்றேன். “வெளுத்துட்டா செத்துப்போச்சுப்பா. எடுத்துப் போட்டுரு, தண்ணி கெட்டுரும்” என்றார். கொல்லையில் போட்டேன். சாயங்காலம் ஏதோ மனசு கேட்காமல் போய்ப் பார்த்தால், எலும்பின் மடிப்புக்குள் கண்ணாடி மாதிரி சதை சுருங்கிக் கிடக்கிறது. தொட்டேன், கோழை விரலில் இழுத்தது. காலையில் அது உயிரோடுதான் இருந்திருக்கிறது.

பவளத்தின் நிறம் பெரும்பாலும் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியால் வருவது. பாசி வெளிச்சத்தில் சமைக்கிறது, ஆக்கியதில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளம் இடம் கொடுக்கிறது, தன் கழிவையே பாசிக்கு உரமாகவும் கொடுக்கிறது. சூடும் வெளிச்சமும் மிஞ்சினால் அந்தச் சமையல் கெட்டு நஞ்சு ஊறுகிறது, பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. மிஞ்சிய சதைக்கு நிறம் இல்லை. அதனூடே சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது, அவ்வளவுதான். யாரும் எதையும் வெளுக்கவில்லை. வெளுப்பது துணியை. ஆங்கிலத்தில் பிளீச்சிங் என்றார்கள் என்று நாமும் பவளத்தைச் சலவைக்குப் போடுவானேன்?

அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பிப்ரவரி, மார்ச்சில் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். புதிதாக வருகிறவர்கள் தோட்டமே செத்துவிட்டது என்பார்கள். அப்பா அதைப் பட்ட மரம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. “எல உதுத்திருக்கு, தளிர்க்கும்” என்பார். பட்ட மரம் வேறு. பட்டையை நகத்தால் கீறினாலே தெரிந்துவிடும், உள்ளே பச்சை இருக்காது. இலையை உதிர்ப்பதும் மரமேதான், காம்படியில் தானே வெட்டுவாய் வைத்துக் கழற்றிவிடுகிறது. பவளமும் தன் பாசியைத் தானேதான் கழற்றுகிறது. அதனால் இதற்குப் பாசியுதிர்வு என்றும், சதையே இல்லாமல் எலும்பாக நிற்பதற்குப் பட்ட பவளம் என்றும் வைக்கலாமா?

*

தம்பிக்கு,

பட்ட பவளம் அருமை. அதில் கை வைக்க வேண்டாம். மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் அறியாதவனும் கண்ணால் பார்த்த அளவில் சொல்ல ஒரு சொல் வேண்டாமா? வெளிறல் என்றே வைப்போம். வெளுத்தல் பெரும்பாலும் ஒருவர் செய்வது, வெளிறுதல் தானாக நேர்வது. முகம் வெளிறியவனை யாரும் பாடையில் தூக்கி வைப்பதில்லை. குறளில் வெளிறு என்பது அறியாமை. உம் கடைக்காரருக்கு அந்தப் பொருளும் பொருந்தும்.

*

வணக்கம் அண்ணே, ஐயா.

நானும் தொட்டி வைத்திருப்பவள். பாசியுதிர்வு என்றால் எங்கள் வீட்டில் வேறு பொருள். கண்ணாடியில் படர்வதை வாரம் இரண்டு முறை சுரண்டுகிறேன். “பாசி உதிர்ந்துவிட்டது” என்றால் மாமியார் “நல்லதாப் போச்சு” என்பார். உள்ளே குடியிருப்பதை உட்பாசி என்று பிரித்துச் சொல்லுங்கள். பட்ட பவளத்தின் மேல் சில நாளில் பச்சையாகப் படர்வதும் பாசிதானே!

இன்னொன்று. வெள்ளையெல்லாம் வெளிறல் அல்ல. என் கிளைப் பவளம் ஒன்றில் ஒரே இரவில் அடியிலிருந்து சதை கந்தலாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. அதற்குப் பெயர் இல்லாமல்தான் நானும் “வெளுக்குது” என்று சொல்லிக்கொண்டு, பழுதில்லாத நுனிகளை வெட்டிப் பிரிக்காமல் விட்டுவிட்டேன்.

*

ஐயா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி.

வெளிறலை ஒப்புக்கொள்கிறேன், கண்ணுக்குத் தெரியும் குறிக்கு அதுவே இருக்கட்டும். உள்ளே நடப்பதற்கு உட்பாசி உதிர்வு. தங்கச்சி சொன்னது சதை உரிதல், அதற்குக் கடினமான பெயர் தேடவே வேண்டாம். எதுவும் மிஞ்சாவிட்டால் பட்ட பவளம்.

போன மடலில் சொல்லாமல் விட்டது: ஹேமரோடு சேர்ந்து ஒரு மூளைப் பவளமும் வெளிறியது. அதை நான் தூக்கவில்லை. விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் முகப்பில் சிவப்புக் காகிதம் கட்டிப் பார்த்தேன். மடிப்பு ஓரமெல்லாம் முடிபோல மெல்லிய கைகள், இரை தேடிக்கொண்டு. அன்றிலிருந்து விளக்கைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். சமையல்காரன் போய்விட்டதால், கைகள் நீட்டும் நேரம் பார்த்து வாரம் இரண்டு முறை பொடி இறாலைக் கரைத்து ஊட்டுகிறேன். சில்லர் வரும்வரை மேசை விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பினேன், இரண்டு டிகிரி இறங்கியது. மழை பெய்து காற்று ஈரமானால் அதுவும் இறங்காது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பதறிப்போய் உப்புநீரை ஊற்றினால் ஏற்கெனவே நொந்ததை இன்னும் நோகடிப்போம்.

சொல் முக்கியமா என்று தனி மடலில் ஒருவர் கேட்டார். 2010-இல் கடல் சூடாகித் தியோமான், ரெடாங் தீவுகள் பக்கமெல்லாம் பவளம் வெளிறியபோது, கடற்பூங்காத் துறை முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றைச் சில மாதம் மூடி வைத்தது. செத்ததற்கா கதவடைப்பார்கள்? தேறட்டும், ஆள் தொல்லை வேண்டாம் என்றுதான்.

மூளைப் பவளத்துக்கு இது நான்காவது வாரம். இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தவிட்டு நிறம் ஏறியிருக்கிறது. உட்பாசி திரும்புவதற்கு உங்களிடம் சொல் இருந்தால் எழுதுங்கள். எங்கள் வீட்டில் இப்போதைக்குத் தளிர்ப்பு என்றுதான் சொல்கிறோம்.