முதல் ஆர்.சி. கார் சந்திப்பு: சுற்றுப் பந்தயமா, பாறை ஏற்றமா? (விவாதம்)

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

நண்பர்களே, நம் ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓட்டும் சிறிய கார்) குழுவில் பேச்சு நீண்டுகொண்டே போகிறது, முடிவு மட்டும் வரவில்லை. அதனால் தனித் திரி. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் உறவினர் தோப்பை ஒட்டிய தரிசு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைக்கும். வாடகை இல்லை. பாதி செம்மண் சமதளம், மீதி கரடு. தர்மபுரிக்காரர்களும் கிருஷ்ணகிரிக்காரர்களும் சேர்ந்து வைக்கிற முதல் போட்டி. என்ன போட்டி வைப்பது?

பெயர் கொடுத்தவர்களின் வண்டிகள்: 1/10 (அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு) ஷார்ட் கோர்ஸ் டிரக் சில, 1/14 சீனத்துப் பக்கிகள் (மண்ணில் ஓடும் பந்தய வண்டிகள்) நிறைய, பாறை ஏறும் கிராலர்கள், சிப்காட் தம்பியின் சறுக்கி ஓட்டும் டிரிஃப்ட் கார், தர்மபுரி ஐயாவின் எரிபொருளில் ஓடும் 1/8 நைட்ரோ பக்கி. அப்புறம் பொம்மைக் கடைக் கார்களோடு சில பிள்ளைகள். இவ்வளவையும் ஒரே கோட்டில் நிறுத்தி விட முடியாது. எல்லாப் போட்டியையும் ஒரே நாளில் வைக்கலாம் என்று யாரும் எழுதாதீர்கள், வெயில் அப்படி.

செம்மண்_பக்கி (பாலக்கோடு)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுற்றுப் பந்தயம்தான். சமதளத்தில் பழைய பிவிசி பைப்பைப் பதித்து, நாலு மேடு போட்டால் ஓடுதளம் தயார். இஃப்மார் என்ற உலக அமைப்பின் முதல் உலகப் போட்டி 1977-ல் கலிபோர்னியாவில் 1/8 ஆன்-ரோடு (தார்த் தளத்தில் ஓடும்) கார்களுக்கு நடந்தது. 1985-ல் மண்ணில் ஓடும் 1/10 ஆஃப்-ரோடுக்கும் வந்துவிட்டது. இத்தனை வருடம் நிலைத்த முறையை விட்டுவிட்டு நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

முறை சுலபம். தகுதிச் சுற்று ஐந்து நிமிடம். வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். அவரவர் கோட்டைத் தாண்டும்போது அவரவர் கடிகாரம் தொடங்கும். எத்தனை சுற்று, கடைசிச் சுற்று முடிந்த நேரம் என்ன, அவ்வளவுதான் கணக்கு. அந்த வரிசைப்படி முன்னால் இருப்பவர்களுக்கு ஏ ஃபைனல், அடுத்தவர்களுக்கு பி ஃபைனல். எலக்ட்ரிக் வண்டிகளுக்கு ஏ ஃபைனலை மூன்று தடவை ஓட்டி, சிறந்த இரண்டை எடுத்துக்கொள்வதும் உண்டு. ஒரு தடவை சக்கரம் கழன்றாலும் நாள் வீணாகாது. வேகம் வேறுவேறு என்றால் அதற்குத்தான் வகுப்பு. எல்லோருக்கும் ஒரே 17.5 டர்ன் (கம்பிச் சுற்று) மோட்டார், ஈ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கூடுதல் வேகம் தரும் டைமிங் பூஜ்யம். அந்தக் கருவியின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் பூஜ்யம் என்று அர்த்தம், தூரத்தில் இருந்தே பார்த்துவிடலாம்.

குண்டுக்கல் (பர்கூர்)

தம்பி, வகுப்புக்கு இருபது பேர் வருகிற ஊரில் நீங்கள் சொல்வது சரி. நம்மில் 17.5 மோட்டார் யாரிடம் இருக்கிறது? 1/14 வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் மோட்டாரை மாற்றிவிட்டார்கள். ஒருவர் 2எஸ் (இரண்டு செல் பேட்டரி), இன்னொருவர் அதைவிட வேகம் தரும் 3எஸ். பிரித்துப் பார்த்தால் வகுப்புக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் பரிசு. அதற்குப் பெயர் போட்டியா?

நிலத்தைப் பார்த்துப் பேசுங்கள். நம் மாவட்டத்துப் பாறையை கிரானைட்டாக அறுத்துக் கப்பலேற்றுகிறார்கள். நாம் அதே பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மண்ணில் மேடு கட்டுகிறோம்! கிராலர் போட்டிக்கு வேண்டியது குச்சிகளும் ஒரு கரடும்தான். இரண்டு குச்சிக்கு நடுவே ஒரு கேட். பத்துக் கேட்டையும் வரிசையாகத் தாண்ட வேண்டும். குச்சியில் பட்டால் அபராதப் புள்ளி, ரிவர்ஸ் எடுத்தால் புள்ளி, கவிழ்ந்து கையால் நிமிர்த்தினால் அதற்கும் புள்ளி. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர் ஜெயித்தார். இங்கே 3எஸ் போட்டு அழுத்தினால் முதல் பாறையிலேயே மல்லாந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகம் எடுபடாத ஒரே போட்டி இதுதான்.

செம்மண்_பக்கி

அண்ணா, கிராலரைக் குறைத்துச் சொல்லவில்லை. மாலையில் பொழுது போக அருமையான விளையாட்டு. ஆனால் ஒரு வண்டிக்கு எட்டு நிமிடம், இருபது வண்டி. 160 நிமிடம், அதுவும் ஒரே ஒரு பாதைக்கு. மற்ற பத்தொன்பது பேரும் குடை பிடித்துக்கொண்டு என்ன செய்வார்கள்? காசு எடுபடாது என்பதும் பாதிதான் உண்மை. நல்ல மெத்தென்ற டயர், உள்ளே போடும் ஃபோம், அச்சில் பித்தளை எடை எல்லாம் சேர்த்தால் ஒரு 1/14 பக்கியே வாங்கிவிடலாம்.

குண்டுக்கல்

மூன்று பாதை போட்டால் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஓட்டலாம். உங்கள் பந்தயத்தில் மட்டும் எல்லோரும் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்களா? முந்தைய ஹீட்டில் (ஒரு தொகுதி வண்டிகளின் ஓட்டம்) ஓட்டியவர்கள்தானே அடுத்த ஹீட்டுக்கு மார்ஷலாக நின்று, கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கி வைக்க வேண்டும்? அதுவும் ஓடுதளத்துக்கு நடுவில், மொட்டை வெயிலில்.

செம்மண்_பக்கி

மூன்று பாதை என்றால் மூன்று நடுவர். குச்சி அசைந்தது ஒருவர் கண்ணுக்குத் தெரியும், இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாது. கடிகாரத்துக்கு மாமன் மச்சான் கிடையாது.

சிப்காட்_சறுக்கு (ஓசூர்)

நைட் ஷிப்ட் முடித்து இப்போதுதான் படித்தேன். நடுவர் வேண்டாம் என்றால் டிரிஃப்ட்டே கிடையாது என்று சொல்லிவிடுங்கள், போய்த் தூங்குகிறேன். டிரிஃப்டில் எவ்வளவு சீக்கிரம் போனாய் என்பது கேள்வியே இல்லை. குறித்த கோட்டில் போனாயா, எவ்வளவு கோணத்தில் சறுக்கினாய், பார்க்க எப்படி இருந்தது, இதற்குத்தான் மதிப்பெண். அப்புறம் இரண்டிரண்டு பேராக: ஒருவர் முன்னால் ஓட்ட, மற்றவர் இடிக்காமல் ஒட்டிக்கொண்டே பின்தொடர வேண்டும். பிறகு இடம் மாறி ஓட்ட வேண்டும். பின்சக்கர இயக்கம், கைரோ (சறுக்கும்போது ஸ்டியரிங்கைத் தானே திருத்தும் கருவி), கெட்டியான பிளாஸ்டிக் டயர். பிடிப்பே இல்லாத டயரில் வண்டியை அடக்குவதைவிடவா கைத்திறமை வேண்டும்?

எனக்குச் செம்மண் ஆகாது. வழவழப்பான தரை வேண்டும். ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் சும்மாதான் இருக்கும். நல்ல கிரானைட் தரை. யாராவது பேசிப் பாருங்கள்.

மாந்தோப்பு

மண்டபத்தைத் தனியாகப் பேசலாம் தம்பி, இந்த ஞாயிறு கரட்டில்தான். உங்களை நேரக் கணக்குக்குப் போடலாம் என்று இருக்கிறேன்.

3எஸ்_தொப்பூர் (தொப்பூர்)

எதற்கு இவ்வளவு சண்டை? ஸ்பீடு ரன் வையுங்கள். ஜிபிஎஸ்ஸை வண்டியில் கட்டி, அதிக வேகம் யாரோ அவருக்குக் கோப்பை. 2014-லேயே வெளிநாட்டில் ஆர்.சி. கார் மணிக்கு 200 மைலைத் தாண்டிவிட்டது. நெடுஞ்சாலை சர்வீஸ் ரோடு விடியற்காலையில் காலியாகத்தானே இருக்கிறது?

குண்டுக்கல்

தொப்பூரில் இருந்துகொண்டு சாலையில் விளையாடலாம் என்கிறீர்களே! கணவாயில் லாரிகள் மோதுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதா? இரண்டு கிலோ வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் காலில் பட்டால் எலும்பு போய்விடும். பொதுச் சாலை வேண்டாம். இதில் நானும் செம்மண் தம்பியும் ஒரே கட்சி.

132_அடி (அரூர்)

வேகம் பார்க்க வேண்டும் என்றால் ஒழுங்கான வழி இருக்கிறது: டிராக் ரேஸ். அசலில் அது கால் மைல், 1320 அடி. 1/10 வண்டிக்கு 132 அடி, சுமார் 40 மீட்டர். இரண்டு தடம், நேர்கோடு, விளக்குக் கம்பம். கட்டாந்தரையாக இருந்தால் போதும், தண்ணீர் தெளித்து அடித்துவிட்டால் செம்மண்ணிலேயே ஓடும்.

மாந்தோப்பு அண்ணன் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இதில்தான் இருக்கிறது. பிராக்கெட் முறை என்று ஒன்று உண்டு. உங்கள் வண்டி எத்தனை நொடியில் போகும் என்று முன்னாலேயே நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். என் வண்டி 3.2, உங்கள் வண்டி 4.5 என்றால் உங்களுக்கு 1.3 நொடி முன்னால் பச்சை எரியும். முதலில் கோட்டைத் தொடுபவர் வெற்றி. சொன்னதைவிட வேகமாகப் போனால் அவுட், அதனால் நேரத்தைக் கூட்டி எழுதி ஏமாற்ற முடியாது. பொம்மைக் கடை வண்டி 3எஸ் வண்டியை ஜெயிக்கலாம். வகுப்பு பிரிக்கும் தலைவலியே இல்லை.

செம்மண்_பக்கி

நாலு நொடி ஓடுவதற்காகக் கடத்தூர், மொரப்பூர் எல்லாம் தாண்டி வர வேண்டுமா? ஒரு வளைவு கூட இல்லாத போட்டியில் ஸ்டியரிங் எதற்கு? அது போகட்டும், நேரத்தை எதில் எடுப்பீர்கள்? ஸ்டாப்வாட்ச் என்றால் விரல் தாமதமே 0.2 நொடி வரும். 1.3 நொடி முன்தொடக்கம் கொடுக்கிற போட்டியில் 0.2 என்பது சின்ன விஷயமா?

132_அடி

செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறதே. ஒரு படத்துக்கு 0.004 நொடிதான். கோட்டில் ஸ்டாண்டு போட்டு வைத்தால் போதும். விளக்கையும் சென்சாரையும் அர்டுயினோவில் (சின்ன மின்னணுப் பலகை) நானே கட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் ஐந்து நிமிடச் சுற்றை எப்படி எண்ணுவீர்கள்? எல்லோருக்கும் டிரான்ஸ்பாண்டர் (சுற்றைத் தானாக எண்ண வண்டியில் வைக்கும் கருவி) வாங்கித் தருவீர்களா?

செம்மண்_பக்கி

வண்டிக்கு ஒரு ஆள் நோட்டில் கோடு போட்டால் போதும். ஒரு ஹீட்டில் ஐந்து வண்டிக்கு மேல் விடப்போவதில்லை.

பிட்_அம்மா (காவேரிப்பட்டணம்)

வணக்கம். என் மகன் ஐந்தாம் வகுப்பு. பொம்மைக் கடைக் கார்தான் வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பையனிடமும் அதே கார். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒருவன் ரிமோட்டுக்கு இரண்டு காரும் திரும்புகிறது. இவர்கள் எந்தப் போட்டியில் சேர்வது?

நைட்ரோ_தாத்தா (தர்மபுரி)

அம்மா, அது பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மையாக இருக்கும். இரண்டும் ஒரே அலைவரிசை, யார் பேச்சைக் கேட்பது என்று காருக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் பெரிய வண்டிகளுக்கே இந்தத் தொல்லை இருந்தது. ஆளுக்கொரு கிரிஸ்டல் (அலைவரிசையைத் தீர்மானிக்கும் சில்லு), என் நம்பரை நீ எடுக்காதே என்று சண்டை. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸில் ரிமோட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்வதால் அது தீர்ந்தது. உங்கள் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக விட்டு நேரம் எடுக்க வேண்டியதுதான்.

அதையே பெரியவர்களுக்கும் சொல்கிறேன். நம் ஊர் எருது விடும் விழாவில் காளைகளைப் பக்கம் பக்கமாகவா நிறுத்தி ஓட்டுகிறார்கள்? ஒவ்வொன்றாக விட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்றுதானே பார்க்கிறார்கள்? கூட்டத்துக்கு அதில் என்ன குறை? செம்மண் தம்பியின் தகுதிச் சுற்றும் அடிப்படையில் அதுதான்.

என் ஆசை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட ஓட்டம். 1/8 நைட்ரோ பக்கியின் உலகப் போட்டி இறுதிச்சுற்று ஒரு மணி நேரம். டாங்க் 125 சிசிதான், ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை பிட்டுக்குள் வந்து எரிபொருள் ஊற்ற வேண்டும். வண்டி, ஓட்டுநர், ஊற்றுகிற ஆள், மூன்றும் சேர்ந்தால்தான் வெற்றி. ஆனால் நைட்ரோவை நானே கொண்டு வரப்போவதில்லை. அந்த எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். அதை வைத்திருக்கத் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் நடந்ததற்குப் பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற எனக்குத் தைரியம் இல்லை. எலக்ட்ரிக்கில் வையுங்கள்: மூன்று பேர் ஒரு அணி, ஒரு வண்டி, அரை மணி நேரம், நடுவில் பேட்டரி மாற்றலாம்.

சிப்காட்_சறுக்கு

ஐயா, அரை மணி நேரம் செம்மண் வெயிலில் ஓடினால் மோட்டாரில் தோசை வார்க்கலாம். சூடு ஆறாத லிப்போ பேட்டரியை அவசரத்தில் சார்ஜில் போடுகிற ஆட்களும் நம்மில் உண்டு. வாளி நிறைய மணல் வைத்துக்கொண்டுதான் அந்தப் போட்டியைத் தொடங்க வேண்டும்.

நைட்ரோ_தாத்தா

மணல் வாளி எந்தப் போட்டிக்கும் வேண்டும் தம்பி.

குண்டுக்கல்

ஐயா சொன்னதில் கடிகாரம் ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் ஒன்று. தனித்தனியாக விட்டு நேரம் எடுத்தாலும் 3எஸ் வண்டிதான் முதலில் வரும். காளைக்குச் சரி, அங்கே பரிசே காளையின் வேகத்துக்குத்தான். நாம் பார்க்க வேண்டியது கையை. சமமில்லாத வண்டிகளை வைத்துக் கையை அளக்க இதுவரை இங்கே சொன்னதில் இரண்டே வழிதான்: அரூர் தம்பியின் பிராக்கெட், என் பாறை. பாறையில் பிள்ளைகளின் பொம்மைக் கார் ஏறாது என்பது உண்மை, அவர்களுக்குக் கீழே சின்னதாக ஒரு பாதை போட்டுத் தருகிறேன்.

செம்மண்_பக்கி

பக்கியில் வருகிற பத்துப் பேரும் பாறையில் என்ன செய்ய? அடிப்பக்கம் உரசிக்கொண்டு நிற்கவா? கிராலர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நடக்கிற போட்டி எப்படிச் சமமாகும்? வேகத்தைச் சமமாக்க என்னிடமும் வழி இருக்கிறது. ஐந்து நிமிடம் இரண்டு தடவை ஓட்டட்டும். முதல் ஓட்டத்தைவிட இரண்டாவதில் யார் அதிகம் முன்னேறினார் என்று பார்க்கலாம்.

132_அடி

அப்படியானால் முதல் ஓட்டத்தில் எல்லோரும் நத்தையாகப் போவார்கள். இதற்குத்தான் பிராக்கெட்டில் அவுட் வைத்திருக்கிறார்கள்.

மாந்தோப்பு

சரி, இப்போதைக்கு இப்படி. காலை ஏழு மணிக்கு வெயில் ஏறும் முன் கரட்டில் கிராலர், இரண்டு பாதை. ஒன்பதரைக்குச் சமதளத்தில் செம்மண் தம்பியின் ஐந்து நிமிட ஓட்டம், நோட்டில் கோடு போட்டு. ஏ ஃபைனல் இந்தத் தடவை இல்லை. பிள்ளைகளுக்கும் டிரிஃப்ட் தம்பிக்கும் பிராக்கெட். அரூர் தம்பி அர்டுயினோவோடு வந்தால் மற்றவர்களும் சேரலாம். அணி ஓட்டத்தை ஐயா மன்னிக்க வேண்டும், மழைக்குப் பிறகு பார்க்கலாம். எல்லாவற்றையும் வைக்க முடியாது என்று நானே சொல்லிவிட்டு மூன்று வைத்திருக்கிறேன், கிண்டல் வேண்டாம்.

செம்மண்_பக்கி

ஃபைனல் இல்லாத பந்தயத்துக்கு நான் பைப் சுமந்து வர வேண்டுமா? ஐந்து பேருக்கு ஒரே ஒரு ஃபைனல், ஐந்து நிமிடம். அதைக் கொடுங்கள், மற்றதெல்லாம் சம்மதம். அப்புறம், கரட்டில் இரண்டு பாதைக்கும் நடுவர் யார்? குண்டுக்கல் அண்ணனும் போட்டியில் ஓட்டுகிறார் என்றால் அவர் நடுவராக இருக்கக் கூடாது.

குண்டுக்கல்

ஓட்டுகிறேன். நடுவர் நீங்களே இருங்கள் தம்பி. குச்சி அசைந்ததா இல்லையா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஏழு மணி என்றால் ஏழு மணி, பைப் பதிக்க வேண்டும் என்று ஒன்பதுக்கு வந்து நிற்காதீர்கள்.

பிட்_அம்மா

பிள்ளைகளின் போட்டி எத்தனை மணிக்கு என்று யாரும் சொல்லவில்லையே?