திருகோணமலையைப் பேசும் அண்மைக்கால நூல்களைத் தேட உதவுங்கள்

குழும உறவுகளுக்கு வணக்கம். கடந்த இரண்டு மாதங்களில், நமது திருகோணமலையில் பிறந்த தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ நாவலையும், 2011இல் வெளிவந்த சேரனின் ‘காடாற்று’ கவிதைத் தொகுப்பையும் அடுத்தடுத்து வாசித்து முடித்தேன். இந்திய அமைதிப்படைக் காலத்தைச் சொல்லும் அந்நாவல் அரசியலை விவரிக்கும் சில இடங்களில் நீண்டுவிடுவதாக எனக்குப் பட்டாலும், ஒரு வீட்டின் அச்சத்தை அவ்வளவு அருகிலிருந்து காட்டிய எழுத்தை நான் அதிகம் வாசித்ததில்லை. அந்த ஆண்டுகளில் என் அம்மம்மா கதவருகே ஒரு துணிப்பையை எந்நேரமும் கட்டி வைத்திருந்தார். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு பொட்டலம் சீனி, இவ்வளவுதான் அதில் இருந்தன. வாசிக்கும்போது அந்தப் பைதான் திரும்பத் திரும்ப நினைவில் எழுந்தது.

கவிதைகளை என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை. எரியூட்டிய பின் எலும்பு பொறுக்கிச் செய்யும் சடங்கின் பெயரே தலைப்பாக இருக்க, அந்தச் சடங்குகூட வாய்க்காமல் போனவர்களை நினைத்தபடி, நாளொன்றுக்கு ஒரு கவிதைக்கு மேல் வாசிக்காமல் விட்டேன்.

மூதூர், கிண்ணியா, சம்பூர், நிலாவெளி ஆகிய ஊர்களைக் களமாகக் கொண்டு 2009இற்குப் பின் வெளியான நாவல்களையோ கவிதைத் தொகுப்புகளையோ அறிந்தவர்கள், நூலின் பெயரையும் அது கிடைக்கும் இடத்தையும் தயவுசெய்து தெரிவியுங்கள். சிறு பதிப்பாக வந்து கடைகளை எட்டாத நூல்களையே குறிப்பாகத் தேடுகிறேன். இரவல் தர இயலுமாயின், நகரத்துக்குள் எங்கும் நேரில் வந்து பெற்று, மூன்று வாரங்களுக்குள் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.