ஜேசானில் நுழைந்துவிடும் 'நேன்': என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. பைத்தானில் சென்சார் அளவுகளின் சராசரியைக் கணக்கிட்டு ஜேசானாக (JSON, டேட்டாவை எழுத்து வடிவில் பரிமாறும் முறை) பிரவுசருக்கு அனுப்புகிறேன். ஏதாவது ஒரு மணி நேரத்தில் அளவே வராவிட்டால், நம்பை (NumPy, பைத்தானின் கணக்கு லைப்ரரி) 0/0 போட்டு 'நேன்' (NaN, 'எண் அல்ல' என்ற மதிப்பு) தருகிறது. (சிலர் 'நான்' என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் குழப்பம்தான்!)

பைத்தானின் ஜேசான் மாட்யூல் நேன், இன்ஃபினிட்டி (முடிவிலி) இரண்டையும் மேற்கோள் குறி இல்லாமல் அப்படியே எழுதிவிடுகிறது. ஜேசான் விதிப்படி இரண்டுமே செல்லாது. பிரவுசர் பார்ஸ் செய்யும்போது எரர் அடித்து மொத்தப் பக்கமும் காலி. ஜாவாஸ்கிரிப்ட்டோ ஜேசான் எழுதும்போது இவற்றைச் சத்தமில்லாமல் நல் (null, 'மதிப்பு இல்லை') ஆக்கிவிடும். இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பைத்தான் ஜேசான் மாட்யூலின் 'அலவ்_நேன்' (allow_nan, நேனை அனுமதிப்பதா என்ற) ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கினேன். வேல்யூஎரர் வருகிறது, நியாயம்தான், ஆனால் ஒரே ஒரு மதிப்புக்காக முழு டேட்டாவுமே அனுப்ப முடியாமல் நின்றுவிடுகிறது. மாட்யூலுக்கு எழுதத் தெரியாத மதிப்புகளை மாற்றித் தரும் 'டிஃபால்ட்' ஃபங்ஷன் எழுதிப் பார்த்தேன். ஃப்ளோட் (தசம எண்; நேனும் இந்த வகைதான்) என்றால் அதைக் கூப்பிடுவதே இல்லை! அரை நாள் போயிற்று.

நல் போட்டுவிடலாம். ஆனால் சென்சார் எல்லை தாண்டினால் இன்ஃபினிட்டி என்று குறிக்கிறேன்; 'அளவு இல்லை', 'எல்லை தாண்டியது' இரண்டும் ஒன்றாகிவிடும். புரோட்டோபஃப் (Protobuf, கூகுளின் டேட்டா பரிமாற்ற முறை) போல இவற்றை ஸ்ட்ரிங்காகவே அனுப்பலாமா? அப்படியென்றால் நெஸ்ட் ஆன (ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள) டிக்ஷனரி முழுவதையும் சுற்றி மாற்றாமல் வேறு வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.