கர்க்குமின், ஜெனிஸ்டீன்: எம்டிடி அளவு ஏன் தாறுமாறாக வருகிறது?

செல்மாணவி:
வணக்கம். மஞ்சளிலுள்ள கர்க்குமின், சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன் இரண்டையும் எம்சிஎஃப்-7, எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் சோதிக்கிறேன். 96 வெல் (சிறு குழி) பிளேட், வெல்லுக்கு 5,000 செல், 10% சீரம், பீனால் ரெட் (நிறங்காட்டிச் சாயம்) உள்ள மீடியம் (செல் வளர்க்கும் திரவம்), 48 மணி நேரம், பிறகு எம்டிடி (உயிருள்ள செல் ஊதா நிறமாக மாற்றும் சாயம்). கர்க்குமினின் ஐசி50 (செல்லைப் பாதியாகக் குறைக்கும் அளவு) ஒரு தடவை 15 மைக்ரோமோலார், அடுத்த தடவை 40. 100 மைக்ரோமோலாரில் உயிருள்ள செல் விகிதம் மறுபடி ஏறுகிறது. 1 மைக்ரோமோலார் ஜெனிஸ்டீனில் எம்சிஎஃப்-7 மட்டும் 120% காட்டுகிறது. எதை மாற்ற வேண்டும்?

மஞ்சள்கிழங்கு:
ஐசி50 ஆடுவதற்கு முதல் காரணம் கர்க்குமின் நிலையற்றது என்பதுதான். சீரம் இல்லாத பஃபரில், பி.ஹெச். 7.2, 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90% சிதைந்துவிடும். 10% சீரம் இருந்தால் 8 மணி நேரத்தில் பாதி போகும். ஆகவே மீடியத்தில் கலந்து வைத்துவிட்டுப் பிளேட்டைத் தேடாதீர்கள். கலந்த உடனே செல்லுக்குப் போக வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, ஃபாயில் சுற்றிய குழாயில் வேலை செய்யுங்கள். வாங்கிய பொருளின் தூய்மையையும் பாருங்கள். கடையில் 'கர்க்குமின்' என்று வருவது பல சமயம் டிமெதாக்ஸி வகைகளும் கலந்தது.

ஸ்டாக் (அடர்கரைசல்): மூலக்கூறு எடை 368.4. எனவே 36.8 மி.கி.யை 1 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 100 மில்லிமோலார். படிப்படியான நீர்த்தலை டிஎம்எஸ்ஓவிலேயே முடித்துவிட்டு, ஒவ்வொன்றையும் மீடியத்தில் ஆயிரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். எல்லா வெல்லிலும் டிஎம்எஸ்ஓ 0.1% ஆக நிற்கும். மருந்து போடாத கன்ட்ரோலிலும் அதே 0.1% இருக்க வேண்டும்.

100-இல் ஏறுவது செல் பிழைத்ததால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அளவில் கர்க்குமின் கரையாமல் படியக்கூடும், மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். அதோடு, இது எம்டிடியைச் செல்லின் உதவியில்லாமலே ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) ஊதா நிறம் கொடுக்கும். செல் இல்லாத வெல்லில் மீடியம், கர்க்குமின், எம்டிடி மூன்றும் சேர்த்து ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பிளாங்க் வையுங்கள். ஊதா வந்தால் விடை கிடைத்துவிட்டது.

என் விருப்பம் எஸ்ஆர்பி (புரதத்தில் ஒட்டும் சாயம்) முறை. 100 மைக்ரோலிட்டர் மீடியத்தின் மேல் 25 மைக்ரோலிட்டர் குளிர்ந்த 50% டிசிஏ (செல்லை நிலைப்படுத்தும் அமிலம்) மெதுவாக விட்டு, 4 டிகிரியில் 1 மணி நேரம். தண்ணீரில் ஐந்து முறை கழுவி உலர்த்தி, 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.4% எஸ்ஆர்பி சாயம் 30 நிமிடம். ஒட்டாத சாயத்தை 1% அசிட்டிக் அமிலத்தால் கழுவி, 10 மில்லிமோலார் ட்ரிஸ்ஸில் கரைத்து அளக்கலாம். இது புரதத்தை அளப்பதால் ஒடுக்கும் தன்மை குறுக்கே வராது.

ஹார்மோன்வழி:
ஜெனிஸ்டீன் விஷயத்தில் உங்கள் அளவு தவறாக இருக்க வேண்டியதில்லை. எம்சிஎஃப்-7-இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோன் ஒட்டும் புரதம்) உண்டு, எம்டிஏ-எம்பி-231-இல் அதன் ஆல்ஃபா வகை கிடையாது. குறைந்த அளவு ஜெனிஸ்டீன் அந்த ஏற்பியில் ஒட்டிச் செல்லை வளர்க்கும். 10 மைக்ரோமோலாருக்கு மேல் போகப் போக அடக்கும். ஆனால் உங்கள் மீடியத்தில் அதை நிரூபிக்க முடியாது. பீனால் ரெட்டே லேசான ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும், சீரத்திலும் ஹார்மோன் இருக்கிறது. பீனால் ரெட் இல்லாத மீடியம், கரியில் வடித்து ஹார்மோன் நீக்கிய சீரம், மூன்று நாள் ஹார்மோன் பட்டினி, பிறகு மருந்து. 1 நானோமோலார் எஸ்ட்ரடியால் (ஈஸ்ட்ரோஜன்) ஒரு வரிசை, ஜெனிஸ்டீனுடன் ஃபுல்வெஸ்ட்ராண்ட் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் மருந்து) ஒரு வரிசை. ஃபுல்வெஸ்ட்ராண்டில் அந்த ஏற்றம் மறைந்தால்தான் ஏற்பி வழி என்று எழுதலாம். ஜெனிஸ்டீன் மைட்டோகாண்ட்ரியா எம்டிடியை ஒடுக்கும் வேகத்தையும் கூட்டும், அதனால் ட்ரிப்பான் ப்ளூவில் (செத்த செல்லை நீலமாக்கும் சாயம்) எண்ணியும் பாருங்கள்.

செல்மாணவி:
மிக்க நன்றி. அடுத்து அனெக்சின் வி-எஃப்ஐடிசி (சாகும் செல்லில் ஒட்டும் புரதம், பச்சையில் ஒளிரும் சாயத்துடன்) வைத்து அப்போப்டோசிஸ் (செல் தானே சாவது) பார்க்கலாமா?

மஞ்சள்கிழங்கு:
கர்க்குமினுக்கு வேண்டாம். அதுவே பச்சையில் ஒளிரும், எஃப்ஐடிசி சேனலில் எல்லாச் செல்லும் பாசிட்டிவாகத் தெரியும். தூரச்சிவப்புச் சாயம் ஒட்டிய அனெக்சின் வாங்குங்கள். சாயம் போடாமல் கர்க்குமின் மட்டும் கொடுத்த செல்லையும் ஒரு கன்ட்ரோலாக ஓட்டுங்கள்.

ஹார்மோன்வழி:
முடிவுரை எழுதும்போது ஒன்று. தினம் 8 கிராம் கர்க்குமின் விழுங்கியவர்களிடமே ரத்தத்தில் உச்சம் 2 மைக்ரோமோலாரை எட்டவில்லை என்று 2001-இல் தைவான் ஆய்வு சொன்னது. உங்கள் 15, 40 எல்லாம் அதற்கு மிக மேலே. டமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய் மருந்து) எடுப்பவர்களிடம் கர்க்குமினும் பைப்பரினும் (மிளகிலுள்ள பொருள்) சேர்ந்த மாத்திரை, அந்த மருந்து உடலில் மாறி வேலை செய்யும் வடிவமான எண்டாக்சிஃபென் அளவைக் குறைத்ததும் 2019-இல் வெளிவந்திருக்கிறது. 'மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்கும்' என்ற வரியைத் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.